கடையின் பெயரில் வரும் மின்னஞ்சல் தொல்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தீபாவளிக்கு ஒரு புடவை வாங்கியிருப்பீர்கள். பில் போடும்போது மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள், கொடுத்தீர்கள். பொங்கல் நெருங்குவதற்குள் நாளுக்கு மூன்று அஞ்சல்கள் வந்து விழுகின்றன. தள்ளுபடி, இன்றே கடைசி, உங்களுக்கு மட்டும். கூடவே, அதே கடையின் பெயரைப் போட்டுக்கொண்டு, கடைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒருவரிடமிருந்தும் ஓர் அஞ்சல் வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சரிசெய்யும் விதம் முற்றிலும் வேறு. உண்மையான கடையின் அஞ்சலை நிறுத்த, அன்சப்ஸ்கிரைப் என்ற விலகல் பொத்தானை அழுத்த வேண்டும். போலி அஞ்சலில் இருக்கும் அதே பொத்தானைத் தொடவே கூடாது. ஆகையால், எது எந்த வகை என்று தெரியும்வரை அஞ்சலுக்குள் இருக்கும் எதையும் அழுத்தாதீர்கள்.

எதற்கும் முன்னால்: அனுப்பியது யார் என்று பாருங்கள்

தபால் உறையின் மேல் ‘அனுப்புநர்’ என்று எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தவர்கள். அனுப்புநர் பொய் சொல்லக்கூடும் என்ற கவலை அந்த அமைப்பில் இல்லை. இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் இருக்கின்றன. ஒன்று உறையின்மேல் எழுதியது போன்றது. அஞ்சலைக் கையாளும் கணினிகளான சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வது அதை வைத்துத்தான். மற்றொன்று கடிதத்தின் தலைப்பில் எழுதியது போன்றது. நம் திரையில் தெரிவது இந்த இரண்டாவதுதான், அதிலும் பல கைப்பேசிகளில் பெயர் மட்டும்தான் தெரியும். பெயர் என்பது அனுப்புகிறவர் தட்டச்சு செய்த வெறும் எழுத்து.

இந்தக் குறையை அடைக்கப் பின்னால் மூன்று சோதனைகள் வந்தன. எஸ்பிஎஃப், இந்தச் சர்வருக்கு அந்த டொமைனின் (முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) சார்பில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கிறது. டிகேஐஎம், அஞ்சலில் அந்த டொமைன் இட்ட மின்கையொப்பம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது. டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது நம் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று டொமைன் உரிமையாளர் சொல்லி வைத்திருப்பதையும் தெரிவிக்கிறது.

இவற்றின் முடிவை நீங்களே பார்க்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அஞ்சலின் வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சிறு அட்டவணை வரும். அதில் மூன்று சோதனைகளுக்கும் எதிரே ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று இருக்கும். யாஹூவில் இதற்கு ‘வியூ ரா மெசேஜ்’ என்று பெயர். கைப்பேசியில் இவ்வளவு விவரம் கிடைப்பது அரிது. சந்தேகம் வந்தால் கணினிக்குப் போவதே நல்லது.

ஆனால் ‘பாஸ்’ என்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ‘உங்கள் பார்சல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, 25 ரூபாய் கட்டினால் அனுப்பப்படும்’ என்று ஓர் அஞ்சல். “போன மாதம்தான் அந்தக் கடையில் வாங்கினேன் தம்பி. பெயரும் சரியாகத்தானே இருக்கிறது?” என்றார். பெயர் சரியாகத்தான் இருந்தது. சின்னமும் நிறமும்கூட அச்சு அசலாக அந்தக் கடையினுடையவை. ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தோம். மூன்றிலும் ‘பாஸ்’. “மூன்றிலும் தேறிவிட்டதே, அப்படியானால் நல்லதுதானே?” என்று கேட்டார்.

“முகவரியைப் பாருங்கள் டீச்சர்” என்றேன். அட் குறிக்குப் பின்னால் கடையின் பெயர், ஒரு புள்ளி, பிறகு பார்சல் உதவி என்று பொருள்படும் ஒரு சொல், மறுபடி ஒரு புள்ளி, கடைசியில் டாட் காம் போன்ற ஒரு முடிவு. இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முடிவுக்கு உடனே இடப்பக்கத்தில் நிற்கும் சொல்தான் உரிமையாளர். முடிவு ‘டாட் கோ டாட் இன்’ என்று இரட்டையாக இருந்தால் அதற்கும் இடப்பக்கம் நிற்கும் சொல். அதற்கும் இடப்புறம் இருப்பவை எல்லாம் உரிமையாளர் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் அலங்காரம். இங்கே உரிமையாளர் அந்தப் ‘பார்சல் உதவி’. கடையின் பெயர் வெறும் அலங்காரம். ‘பார்சல் உதவி’ என்ற டொமைனை மோசடிக்காரர் காசு கொடுத்து வாங்கி, அதற்கு மூன்று சோதனைகளையும் முறையாக அமைத்திருக்கிறார். சோதனைகள் சொன்னது, இது அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை மட்டும். அந்த டொமைன் கடையினுடையதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எழுத்து மாற்றமும் உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். எல் இருக்க வேண்டிய இடத்தில் 1, ஓ இருக்க வேண்டிய இடத்தில் 0. சந்தேகம் இருந்தால் கடையின் முகவரியை உங்கள் கையால் தட்டச்சு செய்து தளத்தைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கடை உண்மையானதுதான் என்று உறுதியானால் அடுத்த பகுதிக்குப் போங்கள். போலி என்றால் அதற்கு அடுத்த பகுதி.

‘விலகிவிட்டேன், ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறது’

உண்மையான கடையென்றால், முதலில் அஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இணைப்பைத் தேடாதீர்கள். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு விலகல் பொத்தான் இருக்கும். அது அஞ்சலின் மறைவான தலைப்பு வரிகளில் கடை எழுதி அனுப்பும் குறிப்பிலிருந்து உருவாவது. உங்களை எந்தப் பக்கத்துக்கும் அழைத்துச் செல்லாமல் ஒரே சொடுக்கில் வேலையை முடிக்க வகைசெய்யும் நெறிமுறை 2017-ல் வந்தது. 2024-ல் கூகுளும் யாஹூவும் இதைப் பெரிய அனுப்புநர்களுக்குக் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர அஞ்சல்களில் ஒரு சொடுக்கு விலகலைத் தர வேண்டும், கோரிக்கையை 2 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும், மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் அமைத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கடையென்றால் அந்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 10 வேலை நாள்கள் அவகாசம் தருகிறது. எனவே பொத்தானை அழுத்திய மறுநாளே கோபப்பட வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் வந்தால், காரணம் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று.

கடையில் ஒரு பட்டியல் அல்ல, பல பட்டியல்கள் இருக்கலாம். ‘வாரத் தள்ளுபடி’யிலிருந்து விலகியிருப்பீர்கள், ‘உறுப்பினர் சலுகை’யும் ‘புதுவரவு’ம் அப்படியே இருக்கும். கடையின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், அறிவிப்பு அமைப்புகளில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துங்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கண்டுபிடிக்க மாட்டார்கள்: பட்டியலில் இருப்பது உங்களுடைய வேறொரு முகவரி. பழைய கணக்கிலிருந்து புதியதற்கு அஞ்சல்களைத் திருப்பிவிட்டிருப்பீர்கள், மறந்தும் போயிருப்பீர்கள். விலகும் பக்கத்தில் புதிய முகவரியைக் கொடுத்தால், ‘விலக்கிவிட்டோம்’ என்று கடை சொல்லும். பழைய முகவரிக்கு அனுப்புவதோ தொடரும். அஞ்சலின் ‘டு’ வரியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். விலக வேண்டியது அந்த முகவரியிலிருந்து.

ஆர்டர் உறுதி, பில், பணம் திரும்பியது போன்ற அஞ்சல்கள் விளம்பரக் கணக்கில் சேராது. விலகினாலும் அவை வரும், வரவும் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கடை விடாவிட்டால், ‘ஸ்பேம்’ என்று புகார் செய்வதற்குத் தயங்காதீர்கள். பாவம், வியாபாரம் செய்கிறார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் கேட்டுக்கொண்ட பிறகும் ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் நின்று கூவினால் அது வியாபாரம் ஆகாது. அந்தப் பொத்தானுக்கு உண்மையான வலிமை இருக்கிறது: புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பெரிய அனுப்புநர்களுக்குக் கூகுள் வைத்திருக்கும் வரம்பு. ஆயிரம் அஞ்சலுக்கு மூன்று பேர் புகார் செய்தால், அந்தக் கடையின் மற்ற அஞ்சல்களும் இன்பாக்ஸை அடைவது கடினமாகிவிடும். அதே காரணத்தால், ஒழுங்காக நடக்கும் கடையைச் சோம்பலில் ஸ்பேம் என்று குறிக்காதீர்கள், விலகலே போதும்.

இந்தியக் கடைகளைப் பொறுத்தவரை சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்டுக் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைக் கொடுத்ததற்கு ஒப்ப எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. விலகல் பொத்தானை ஒளித்துவைப்பது, ‘சலுகை வேண்டாம், நான் பணத்தை வீணாக்கவே விரும்புகிறேன்’ என்று எழுதி வெட்கப்படுத்துவது போன்ற தந்திரங்களைத் தடுக்க, அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள்.

‘தெரிந்த கடைதான், ஆனால் அஞ்சல் ஏதோ போலிருக்கிறது’

பரிசு விழுந்திருக்கிறது. பார்சல் நிற்கிறது. நீங்கள் வாங்காத பொருளுக்கு 40,000 ரூபாய் பிடித்தம், ரத்து செய்ய இங்கே அழையுங்கள். இப்படி வந்தால் முகவரியைச் சோதியுங்கள். போலி என்று தெரிந்தால் அடியிலிருக்கும் விலகல் இணைப்பையும் தொடாதீர்கள். அது கடவுச்சொல் திருடும் பக்கத்துக்கு இட்டுச் செல்லலாம். இல்லாவிட்டாலும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று மோசடிக்காரருக்கு உறுதி சொல்லிவிடும். பதில் எழுதித் திட்டுவதும் அப்படியே. போட்டிருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் அழைக்காதீர்கள்.

அனுப்புநரை ‘பிளாக்’ செய்வதுதான் பலரும் முதலில் செய்வது. போலிக்கு அதனால் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் நாளை வரும் அஞ்சலில் முகவரி வேறாக இருக்கும். இன்னும் மோசம், முகவரி உண்மையாகவே கடையினுடையதாகவும் அது போலியாக ஒட்டப்பட்டதாகவும் இருந்தால், நீங்கள் தடுப்பது அந்தக் கடையைத்தான். நாளை உங்கள் உண்மையான பில்லும் வராது. மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ரிப்போர்ட் ஃபிஷிங்’ என்று இருப்பதை அழுத்துங்கள். பிறகு, கடையின் செயலியையோ தளத்தையோ தனியே திறந்து, உண்மையிலேயே நிலுவை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள், அட்டை எண்ணும் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வரிசை முக்கியம். முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க முடிவது ஆரம்ப மணிநேரங்களில்தான். அதன் பிறகு மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கும். வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத் தயக்கத்தில்தான் பணம் திரும்பிவரும் வாய்ப்பு குறைகிறது.

‘என் முகவரியிலிருந்தே எனக்கு அஞ்சல் வந்திருக்கிறது’

‘உன் கணக்கைப் பிடித்துவிட்டேன், கேமராவில் படம் எடுத்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு’ என்று வரும். அனுப்புநர் இடத்தில் உங்கள் முகவரியே இருக்கும். பெரும்பாலும் இது வெறும் ஒட்டுப்பெயர்தான். ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். எஸ்பிஎஃப், டிமார்க் வரிகளில் ‘ஃபெயில்’ இருந்தால் அஞ்சல் உங்கள் கணக்கிலிருந்து கிளம்பவில்லை. மிரட்டலில் உங்களுடைய பழைய கடவுச்சொல் ஒன்று எழுதியிருக்கலாம். அது எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் நடந்த தரவுக் கசிவிலிருந்து வந்தது. டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் பவ்ன்ட்’ என்ற தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியது என்று தெரியும். அந்தக் கடவுச்சொல் இன்னும் எங்காவது புழக்கத்தில் இருந்தால் மாற்றுங்கள். பணம் அனுப்பாதீர்கள்.

சோதனைகள் ‘பாஸ்’ என்று காட்டினாலோ, நண்பர்களுக்கும் உங்கள் பெயரில் அஞ்சல் போயிருந்தாலோ, கணக்கே கைமாறியிருக்கலாம். அனுப்பியவற்றின் பட்டியல் காலியாக இருப்பது சான்றாகாது, நுழைந்தவர் அழித்திருப்பார். கணினித் திரையில் ஜிமெயிலின் அடியில், வலப்பக்கம், ‘டீடெய்ல்ஸ்’ என்ற சிறு இணைப்பு இருக்கும். எந்த நேரம், எந்த இடத்திலிருந்து கணக்கு திறக்கப்பட்டது என்று அங்கே தெரியும். பிறகு அமைப்புகளுக்குள் போய், வடிகட்டிகளையும் திருப்பிவிடும் முகவரிகளையும் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அஞ்சல்களைப் படித்துக்கொண்டிருப்பதற்காக, திருடர்கள் அங்கே ஒரு வரியைச் சொருகிவிட்டுப் போவது வழக்கம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

‘நான் அனுப்பாத அஞ்சல் திரும்பிவந்துகொண்டிருக்கிறது’

‘சேர்க்க இயலவில்லை’ என்ற அறிவிப்புகள் பத்து, இருபது என்று குவியும். யாரோ உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு ஊரெல்லாம் அனுப்புகிறார்கள்; இல்லாத முகவரிகளுக்குப் போனவை உங்களிடம் திரும்புகின்றன. மேலே சொன்னபடி கணக்கு பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் சில நாளில் தானே ஓயும்.

‘ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன’

எல்லா அறிகுறிகளிலும் உடனடியாகக் கவனிக்க வேண்டியது இதுதான். நீங்கள் கேள்விப்படாத நாட்டுக் கடைகளிலிருந்தெல்லாம் ‘எங்கள் பட்டியலில் சேர்ந்ததற்கு நன்றி’ என்று அஞ்சல் மழை. ஒவ்வொன்றும் உண்மையான கடையிலிருந்து வந்ததுதான், எந்தச் சோதனையிலும் தவறாது, ஸ்பேம் வடிகட்டியிலும் சிக்காது. யாரோ ஒரு நிரலை ஓடவிட்டு, உங்கள் முகவரியை ஆயிரம் படிவங்களில் நிரப்பியிருக்கிறார்.

எதற்காக? பெரும்பாலும் ஒரே ஓர் அஞ்சலை உங்கள் கண்ணில் படாமல் மறைப்பதற்காக. உங்கள் அட்டையில் ஏதோ வாங்கியிருக்கிறார், அல்லது உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். அதைச் சொல்லும் அஞ்சல் இந்தக் குவியலின் நடுவில் எங்கோ கிடக்கிறது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து அழித்தால், அவர் எதிர்பார்த்ததை நீங்களே செய்து கொடுத்ததாகிவிடும்.

ஆகவே அழிக்காதீர்கள். தேடல் பெட்டியில் உங்கள் வங்கியின் பெயர், நீங்கள் வழக்கமாக வாங்கும் கடைகளின் பெயர், ‘ஆர்டர்’, ‘பாஸ்வேர்ட்’, ‘ஓடிபி’ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மழை தொடங்கிய நேரத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வந்தவற்றைக் கூர்ந்து பாருங்கள். வங்கிச் செயலியைத் திறந்து கடைசிப் பரிவர்த்தனைகளைப் பாருங்கள். கடைக் கணக்குகளில் மறைத்துவைத்த ஆர்டர்களும் புதிதாகச் சேர்த்த விநியோக முகவரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வந்த பட்டியல்களில் ‘உறுதி செய்ய அழுத்தவும்’ என்று கேட்பவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். உறுதி செய்யாவிட்டால் ஒழுங்கான கடை மேற்கொண்டு அனுப்பாது. கணக்குகள் எல்லாம் பத்திரம் என்று தெரிந்த பிறகு நிதானமாகத் துப்புரவு செய்யலாம். ஜிமெயிலில் 2025-லிருந்து எல்லாப் பட்டியல்களையும் ஒரே இடத்தில் காட்டும் பக்கம் இருக்கிறது.

‘யாரோ வாங்கிய பொருளின் பில் எனக்கு வருகிறது’

ஜிமெயில், முகவரியில் அட் குறிக்கு முன்னால் வரும் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது உங்கள் பெட்டிதான். உங்கள் பெயருடைய இன்னொருவர், தம் முகவரியைத் தவறாக எழுதிக் கொடுத்திருப்பார். ‘இது நான் அல்ல’ என்ற இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கடைக்கு ஒரு வரி எழுதுங்கள். அவருடைய கணக்குக்குள் நுழைந்து நீங்களே மாற்றிவிட வேண்டாம்.

‘என் கடையின் பெயரில் யாரோ அனுப்புகிறார்கள்’

இதை எழுதத் தூண்டியதில் சிறு கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. வாடிக்கையாளர் திட்டும்போதுதான் அவர்களுக்கு விஷயமே தெரியவருகிறது. சொந்த டொமைன் வைத்திருந்தால் கதவைப் பெருமளவு அடைக்கலாம். உங்கள் பெயரில் அனுப்பும் இடங்களையெல்லாம் முதலில் பட்டியலிடுங்கள்: அலுவலக அஞ்சல், பில் மென்பொருள், செய்திமடல் சேவை. எஸ்பிஎஃப் பதிவில் அவற்றைச் சேருங்கள். அந்தப் பதிவைச் சரிபார்க்க, டொமைன்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் 10 தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் சோதனையே தோற்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு சேவையிலும் டிகேஐஎம்மை இயக்குங்கள். அஞ்சல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடப்படும்போது எஸ்பிஎஃப் பெரும்பாலும் முறிந்துபோகும். அப்போது காப்பாற்றுவது இந்தக் கையொப்பம்தான்.

டிமார்க்கை முதல் நாளே ‘ரிஜெக்ட்’ (நிராகரி) என்று வைத்துவிடாதீர்கள். ‘நன்’ (ஒன்றும் செய்யாதே) என்று வைத்து, அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியும் கொடுத்து, சில வாரங்கள் கவனியுங்கள். நீங்கள் மறந்துபோன ஏதாவது ஒரு பில் மென்பொருள் அந்த அறிக்கையில் கட்டாயம் தலைகாட்டும். அதைச் சரிசெய்து, ‘குவாரன்டைன்’ (ஒதுக்கிவை), பிறகு ‘ரிஜெக்ட்’. அஞ்சலே அனுப்பாத உபரி டொமைன்கள் இருந்தால், யாருக்கும் அனுமதி இல்லை என்று அவற்றுக்கும் பதிவு செய்யுங்கள். மோசடிக்காரர்கள் அவற்றையும் தேடுவார்கள். ஒத்த பெயரில் வேறு டொமைன் வாங்கி அனுப்புவதை இவை எதுவும் தடுக்காது. அதற்கு, அந்த டொமைனைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும், உங்கள் வாடிக்கையாளருக்கு உங்கள் சரியான முகவரி எது என்று பில்லிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

மறுபடி வராமலிருக்க

பில் போடும் இடத்தில் முகவரி கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பில்லுக்காகக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. மின்னஞ்சலுக்கும் அதே நியாயம்தான். கொடுத்தே ஆக வேண்டிய இடங்களில், ஜிமெயில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. ஏற்கும் இடங்களில் அஞ்சல் வழக்கம்போல் உங்கள் பெட்டிக்கே வரும். அந்த ஆசிரியை இப்போது அப்படித்தான் கொடுக்கிறார். சென்ற மாதம் ஒரு துணிக்கடைக்குக் கொடுத்த முகவரிக்கு ஒரு கடன் நிறுவனத்தின் அஞ்சல் வந்தது. எங்கிருந்து வெளியே போனது என்று அவரே கண்டுபிடித்து, அந்த முகவரிக்கு வருபவை எல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி ஒரு வடிகட்டி போட்டு வைத்திருக்கிறார்.